மந்திரித்த கொழுந்து

இதை எழுத எனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால், ஒன்றும் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் பத்தாவது வரை படித்தேன். அதற்குப் பிறகு நான் எழுதியது என்றால் ஊருக்குப் போட்ட கடிதங்களும், இப்போது செய்யும் வேலையில் டின் மேல் ஒட்டும் தேதிச் சீட்டும்தான். நாலு பேர் சேர்ந்து நின்றால் எனக்குப் பேச்சு வராது. தொண்டை வரைக்கும் வந்து அங்கேயே உட்கார்ந்துகொள்ளும். இப்படிப்பட்டவள் எழுத வந்ததைப் படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அன்றைக்கு நேரத்தோடு சொல்ல முடியாமல் போன எரிச்சல் இன்னும் அடங்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

எங்கள் எஸ்டேட் குமுளியிலிருந்து மேலே போகிற வழியில் இருக்கிறது. ஏலக்காடுகள் முடிந்து, தார் ரோடும் முடிந்து, ஜீப் மட்டும் முக்கி முக்கி ஏறுகிற இடம். அதிலும் உச்சியில் இருக்கும் சில தேயிலைக் காடுகளுக்கு மட்டும் கம்பெனி பல வருடங்களுக்கு முன்பே மருந்து அடிப்பதை நிறுத்திவிட்டது. சாணமும் மக்கிய இலையும்தான் உரம். அங்கே முற்பகல் ஆனாலும் பனி மஞ்சு விலகாது. களை இடுப்பளவு வளரும். அட்டைகளுக்குக் கொண்டாட்டம். கொழுந்து மட்டும் நிதானமாக வளரும். அந்த நிதானத்துக்குத்தான் விலை என்று மேனேஜர் சொல்வார். அட்டை கடித்த காலோடு கூடையைச் சுமந்து இறங்குகிறவர்களுக்கு அந்த விலையில் எவ்வளவு கிடைக்கிறதென்று நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுதினாலும் யாரும் நம்பமாட்டார்கள்.

அந்தக் கொழுந்தில் செய்வது ஊலாங். பச்சைத் தேயிலையும் இல்லை, நாம் கடையில் வாங்கும் கறுப்புத் தூளும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் ஓர் இடத்தில் இலையை நிறுத்த வேண்டும். காலையில் எடுத்த கொழுந்தை முதலில் வெயிலில் வாட்டி, பிறகு அறைக்குள் கொண்டுவந்து பெரிய மூங்கில் தட்டுகளில் பரப்பி, தட்டை இரண்டு கையால் பிடித்து ஆட்டுவோம். இலைகள் ஒன்றோடு ஒன்று உரசி ஓரம் மட்டும் கன்றிப்போகும். கொஞ்ச நேரம் அப்படியே விடுவோம். மறுபடி ஆட்டுவோம். ஓரம் சிவக்கும், நடு பச்சையாகவே இருக்கும். பச்சை வாடை போய் ஒரு பூ வாசனை வரும். அந்த நேரத்தில் இலையை வறுத்து, உருட்டி, உலர்த்திவிட வேண்டும். முந்தினால் புல் மாதிரி இருக்கும். பிந்தினால் சாதாரணத் தேயிலை ஆகிவிடும்.

நான் முன்பு மலையில் கொழுந்தெடுத்தவள். மூன்று வருடமாக இந்த ஊலாங் அறையில் வேலை. என்னோடு இன்னும் மூன்று பெண்கள்.

இந்த இலையைப் போல எரிச்சலூட்டும் ஒரு பொருளை நான் பார்த்ததில்லை. தட்டில் காத்துக் கிடக்கும் நேரத்தில் பக்கத்தில் எந்த வாசனை வந்தாலும் தனக்குள் இழுத்துக்கொள்ளும். அதனால் எங்களுக்குப் பவுடர் கூடாது, பூ கூடாது, வாசனை எண்ணெய் கூடாது, வெங்காயம் நறுக்கிய கையோடு வரக் கூடாது. திருவிழா சமயத்தில்கூடத் தலையில் பூ இல்லாமல் போகிறேன். தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் எங்கள் லயத்தில் என்னைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். மேனேஜர் பங்களா அம்மா மாதிரி ஆகிவிட்டாளாம். எனக்கு முட்டி வலி. எல்லோரும் முட்டி வலிக்குத் தைலம் போடுவார்கள். நான் ஞாயிற்றுக்கிழமை மட்டும் போட்டுக்கொண்டு, திங்கட்கிழமை விடிவதற்குள் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுப் போகிறேன். ஒரு இலைக்காக.

டின்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அதன் மேல் சிரித்துக்கொண்டு நிற்கும் ஒரு பெண்ணின் படம் இருக்கிறது. அந்தப் பெண் எங்கள் மலையில் ஒரு நாள்கூடக் கொழுந்தெடுத்தவள் இல்லை. கூடையின் கயிற்றைத் தோளில் மாட்டியிருக்கிறாள். நாங்கள் தலையில்தான் மாட்டுவோம். ஒரு கிறிஸ்துமஸுக்குக் கம்பெனி ஆளுக்கொரு பொட்டலம் கொடுத்தது. நான் அதைக் கம்பத்தில் இருக்கும் என் தங்கை வீட்டுக்குக் கொண்டுபோனேன். அவள் அதைப் பாலில் போட்டு, இஞ்சி தட்டிப் போட்டு, சர்க்கரை போட்டுக் கொதிக்க வைத்துவிட்டு, "இதுக்காக்கா இம்புட்டு பவுசு? சப்புன்னு இருக்கு" என்றாள். முழு டம்ளரையும் குடித்துவிட்டு வந்தேன்.

விஷயத்துக்கு வருகிறேன்.

என் கணவர் எஸ்டேட் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். நாங்கள் இருக்கும் லயத்து வீடு இப்போது என் வேலையின் பேரில் இருக்கிறது. வேலை இருக்கும் வரை வீடு. என் முட்டியை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த டாக்டர், இனி மேடு ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டார். ஊலாங் அறையில் தரை சமம், அதனால் பிழைத்துக்கொண்டிருந்தேன். அந்த அறையை மூடிவிட்டால் என்னை மறுபடி மலைக்கு அனுப்புவார்கள். மலைக்குப் போக என்னால் முடியாது. போகாவிட்டால் வேலை இல்லை, வேலை இல்லாவிட்டால் வீடு இல்லை. ஊரில் எங்களுக்கு என்று ஒரு சுவர்கூடக் கிடையாது.

அறையை மூடுகிற பேச்சு உண்மையாகவே வந்தது. எங்கள் ஊலாங்கை மொத்தமாக வாங்குகிற இடத்திலிருந்து ருசி பார்க்கும் ஒரு அம்மா கொச்சியிலிருந்து வருவார். போன தடவை வந்தபோது எங்கள் தேயிலையைத் துப்பிவிட்டு, ஆட்டியது அதிகம், இலை களைத்துப்போயிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். ஈஸ்டர் கழிந்து ஒரு தடவை வருவேன், அதுவும் இப்படி இருந்தால் வேண்டாம் என்று மேனேஜரிடம் சொன்னாராம். மேனேஜர் எங்களைக் கூப்பிட்டு அதை அப்படியே சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. பாவப்பட்டுச் சொன்னார்.

என் கணவரின் அக்கா பக்கத்து வீட்டில் இருக்கிறார். நான் மதினி என்று கூப்பிடுவேன். எங்கள் லயத்து அன்பியத்துக்கு, அதாவது வீடு வீடாகக் கூடும் செபக் கூட்டத்துக்கு, அவர்தான் தலைவி. செபம், சாவு, சீமந்தம், சண்டை எதுவும் அவர் இல்லாமல் நடக்காது. தம்பி வீடில்லாமல் போய்விடுவானோ என்று என்னைவிட அவருக்குத்தான் தூக்கம் போயிற்று.

"ஏட்டி, போன தடவ ஏன் கெட்டுதுன்னு நெனைக்க?" என்று ஒரு நாள் கேட்டார்.

"இலைய ரொம்ப ஆட்டிட்டோம் மதினி. அதான்."

"ஆட்டினதுல ஒண்ணுமில்ல. கண்ணு. கம்பெனியில இருந்து அறையப் படம் புடிக்க வந்தானுவல்லா, ஒவ்வொருத்தன் கண்ணும் இந்தா, இம்புட்டு."

"ஆட்டினதுதான் மதினி. அந்தம்மாவே சொன்னாவ."

"கண்ணு பட்டதுனாலதான் கூட ஆட்டிருப்பிய."

நான் அரிசி களையப் போய்விட்டேன். அங்கேயே நின்று, ஒரு பதிலைச் சொல்லி, விஷயத்தை முடித்திருக்க வேண்டும். முடிக்கவில்லை.

ருசி பார்க்கும் அம்மா வருவதற்கு முந்தின நாள். நல்ல வெயில் அடித்தது. கொழுந்து அருமையாக வந்திருந்தது. வாட்டம் சரியாக இறங்கியது. மதியத்துக்குள் ஆட்ட ஆரம்பித்து, இந்தத் தடவை மெதுவாக ஆட்டி, அதிக நேரம் விட்டு, இலை தானாக வரட்டும் என்று காத்திருந்தோம். ஓரம் சிவக்க ஆரம்பித்தது. பச்சை வாடை பூ வாசனையாக மாற ஆரம்பித்த நேரம். எங்கள் நாலு பேருக்கும் முகத்தில் ஒரு வெளிச்சம். சரியாக வருகிறது என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

அப்போதுதான் வெளியே மணிச் சத்தம் கேட்டது.

ஈஸ்டர் முடிந்ததும் சாமியார் லயம் லயமாக வந்து, செபம் சொல்லித் தீர்த்தம் தெளித்து வீடுகளை மந்திரிப்பார். அன்றைக்கு எங்கள் லயத்து முறை. அது எனக்குத் தெரியும். வீட்டைத் திறந்து வைக்கச் சொல்லி என் கணவரிடம் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தேன். ஆனால் மதினி எல்லா வீடும் முடிந்ததும் சாமியாரை நேரே ஊலாங் அறைக்கு அழைத்துக்கொண்டு வருவார் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. முன்னால் மணியோடு, சாமியாருக்கு உதவியாக இருக்கும் கோயில்பிள்ளை, நடுவில் சாமியார், பின்னால் லயத்துப் பெண்கள் பாதிப் பேர். மதினியின் கையில் மண் சட்டி. சட்டி நிறையக் கங்கு. மறு கையில் சாம்பிராணி.

சாமியார் புதிதாக வந்த மலையாளி. சின்ன வயது. வாசலிலேயே நின்று, "இங்கேயும் ப்ரார்த்திக்கணுமோ? குழப்பம் ஒன்னும் இல்லல்லோ?" என்று கேட்டார். மரியாதையுள்ள மனிதர். கேட்கத்தான் செய்தார்.

நான் வாயைத் திறந்தேன். "சாமி, இலையில புக..." என்றேன். எனக்கே கேட்கவில்லை.

எங்கள் சூப்பர்வைசர் கம்பம் பக்கத்துக்காரர். அவர் குல தெய்வம் வேறு. அவருக்கு இந்த இலையைப் பற்றி எல்லாம் தெரியும். பீடி குடித்துவிட்டு வந்த லோடு ஆளை அந்த அறையின் வாசலைவிட்டே துரத்தியவர். அந்த மனிதர் செருப்பைக் கழற்றிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு, "வாங்க சாமி, வாங்க, தாராளமா" என்றார்.

நான் அவர் பக்கத்தில் போய், "அண்ணே, சாம்பிராணிண்ணே" என்றேன்.

"சாமி காரியம்க்கா," என்று காதோடு சொன்னார். "நான் வேற சாமி கும்பிடுறவன். வேணாம்னு சொல்லி நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா, ஊரே எம்மேலதான் வரும். நீங்க சொல்லுங்க. ஒங்க சாமிதான."

எங்கள் சாமிதான். அதனால் நான் சொல்லலாமாம். அதற்குள் செபம் ஆரம்பித்துவிட்டது. செபம் ஆரம்பித்த பிறகு யார் பேசுவார்கள்? எல்லோரும் முழங்காலில் நின்றார்கள். சிமெண்டுத் தரையில், எக்ஸ்ரே எடுத்த அந்த முட்டியோடு நானும் நின்றேன். உயிர் போயிற்று. சாமியார் தீர்த்தம் தெளித்தார். அதில் கொஞ்சம் தட்டிலும் விழுந்தது. அதைக்கூட விட்டுவிடலாம், தண்ணீர்தானே.

மதினிதான் விடவில்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைத்தபடி ஒவ்வொரு தட்டாகப் போனார். தலைக்குக் குளித்த பிள்ளைக்குப் புகை போடுவது போல, ஒவ்வொரு தட்டின் பக்கத்திலும் குனிந்து, சட்டியை ஊதி, புகை எழும்பி இலைமேல் படர்கிறதா என்று பார்த்து, அதற்குப் பிறகுதான் அடுத்ததற்கு நகர்ந்தார். ஒரு தட்டை விட்டுவிட்டோமோ என்று சந்தேகம் வந்து திரும்பியும் போனார். என் எதிரே வந்தபோது கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். இனி கவலைப்படாதே என்று அர்த்தம்.

அவர்கள் போனதும் ஜன்னலையெல்லாம் திறந்தோம். விசிறியைப் போட்டோம். தட்டுகளை வெளியே தூக்கினோம். புகை போயிற்று. நான் ஒரு பிடி இலையை மூக்கில் வைத்துப் பார்த்தேன். பெரிய கோயிலில் பாடற்பூசை முடிந்து கதவைச் சாத்தியது போல இருந்தது.

"போயிரும்லக்கா?" என்றார் சூப்பர்வைசர்.

"போகாதுண்ணே."

"வறுக்கும்போது?"

"வறுக்கும்போது நல்லா உள்ள போகும்."

"அப்ப கொட்டிரலாமா?"

"கொட்டிட்டு? நாளைக்கு அந்தம்மாவுக்கு எதக் காட்டுவிய?"

அவர் தலையைச் சொறிந்துகொண்டே போனார். வாசலில் திரும்பி, "சாம்பிராணியும் ஒரு வாசனதானக்கா, வெளிநாட்டுக்காரனுக்குப் புடிச்சாலும் புடிக்கும்" என்றார். அவரை ஏதாவது எடுத்து அடிக்கலாம் போல இருந்தது. கையில் தேயிலைத் தட்டுதான் இருந்தது. அதைத்தான் ஆட்டினேன். வறுத்தோம், உருட்டினோம், உலர்த்தினோம். பார்வைக்கு அதைப்போல அழகான தேயிலையை நாங்கள் அதற்கு முன்பு செய்ததில்லை.

மறுநாள் காலையில் அந்த அம்மா வந்தார். ஆபீஸ் அறையில் வெள்ளைக் கிண்ணங்களை வைத்து, வெந்நீர் ஊற்றி, மேனேஜரும் சூப்பர்வைசரும் இரண்டு பக்கமும் நின்றார்கள். வெந்நீர்க் கெட்டிலோடு நான் கதவோரம் நின்றேன். அந்த அம்மா ஸ்பூனில் எடுத்து, சத்தமாக உறிஞ்சி, வாயில் வைத்திருந்து துப்பினார். மறுபடி உறிஞ்சினார். நெற்றியைச் சுருக்கினார். விறகில் உலர்த்தினீர்களா என்று மலையாளத்தில் கேட்டார்.

"இல்ல மேடம்," என்றார் சூப்பர்வைசர். பிறகு, யாரும் கேட்காமலே, "இந்த மலைக்கே இப்படி ஒரு வாசன உண்டு மேடம். மண்ணு அப்படி. பக்கத்துல ஏலக்காடு இருக்குல்ல" என்றார்.

அந்த அம்மா மேனேஜரைப் பார்த்து, மண்ணே இப்படியென்றால் இனிமேல் எங்களுக்கு இந்தத் தோட்டத்து இலை சரிப்படாது, வருத்தமாக இருக்கிறது என்றார். பேனாவை மூடினார். கைப்பையை எடுத்தார். மண்மேல் பழி போட்டு எங்கள் சூப்பர்வைசர் ஒரே வார்த்தையில் அறைக்குப் பூட்டுப் போட்டுவிட்டார். அதுவும் நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு.

"சாம்பிராணி" என்றேன்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கெட்டிலைக் கீழே வைத்தேன்.

"சாம்பிராணிப் புகம்மா. நேத்து சாமியார் வந்து மந்திரிச்சாவ. இல தட்டுல கெடக்கும்போது புக போட்டுட்டாவ. மண்ணு நல்ல மண்ணு. மலைக்கு இந்த வாசன கெடையாது."

"யார் போட்டது?" என்றார் மேனேஜர்.

நான் தரையைப் பார்த்தேன். சாமியாரைச் சொன்னால் பெரிய வம்பு. யாரோ என்று சொன்னால் என் கூட வேலை செய்யும் மூன்று பேர் மேலும் வரும்.

"என் நாத்தனார் சார்."

மேனேஜர் சூப்பர்வைசரைப் பார்த்தார். சூப்பர்வைசர் ஜன்னலைப் பார்த்தார். அந்த அம்மா மட்டும் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. கிண்ணத்தில் ஊறிக் கிடந்த இலையை எடுத்து மேசைமேல் வைத்து, விரலால் ஒவ்வொன்றாக விரித்தார். ஓரம் சிவப்பு, நடு பச்சை. எல்லா இலையும் ஒன்றுபோல இருந்தது. வெகு நேரம் பார்த்தார். பிறகு, இலையில் குறை இல்லை, ஆட்டியது இந்தத் தடவை சரி, இதையே புகை இல்லாமல் செய்து அனுப்புங்கள், எடுத்துக்கொள்கிறேன் என்றார். மேனேஜர், அப்படியானால் அறையை மூட வேண்டியதில்லை என்று ஆபீஸ் கிளார்க்குக்கும் கேட்கும்படி சொன்னார். அடுத்த மூச்சில், இனி அந்த நாலு பெண்களையும் சூப்பர்வைசரையும் தவிர யார் வந்தாலும், சாமியாராக இருந்தாலும், கதவைத் திறக்கக் கூடாது என்றும் சொன்னார்.

அந்தக் கடைசி வார்த்தை மட்டும் எனக்கு முன்னால் லயத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அன்று மாலை வீட்டு வாசலில் மதினி நின்றுகொண்டிருந்தார்.

"சாமியாரையே காட்டிக் குடுத்திட்டியே."

"சாமியாரக் குத்தம் சொல்லல மதினி. ஒங்களத்தான் சொன்னேன்."

"அது வேறயா?"

உள்ளே கட்டிலில் படுத்திருந்த என் கணவர், "ரெண்டு பேரும் மெல்லப் பேசுங்க, பக்கத்து வீட்டுல கேக்குது" என்றார். பக்கத்து வீடே மதினியுடையதுதான்.

"வீடு போகல மதினி. அறைய மூடலன்னு சொல்லிட்டாவ," என்றேன்.

"மூடமாட்டானுவ. மந்திரிச்சதுனாலதான் மூடல."

நான் சுவரில் சாய்ந்துகொண்டேன். முட்டி குத்தியது.

"எந்தம்பி தெருவுல நிக்கக் கூடாதுன்னுதாம் போட்டேன்," என்றார் மதினி. இப்போது குரல் இறங்கியிருந்தது. "கொண்டாந்த சாம்பிராணி நல்ல சாம்பிராணி. வேளாங்கண்ணியில வாங்கினது. வீட்டுக்குக்கூட நான் போடல, வச்சிருந்தேன்."

"தெரியும் மதினி."

"தெரிஞ்சு? எத்தன வருசமா பாக்கேன், கூட்டத்துல ஒரு வார்த்த பேசமாட்ட. பேசின ஒரே நாள்ல எம்பேரச் சொல்லிட்ட."

நேற்றே பேச வந்தேன், யாருக்கும் கேட்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அதற்கும் ஒரு பதில் வைத்திருப்பார். அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் அடுப்பைப் பற்ற வைத்தேன்.

மறுநாள் காலையிலிருந்து மழை. கொழுந்து எடுக்கவில்லை. நாங்கள் நாலு பேரும் அந்தத் தேயிலை முழுவதையும் உரக்குழியில் கொட்டி மண்ணைத் தள்ளி மூடினோம். மதினி எங்கள் இரண்டு வீட்டுக்கும் பொதுவான குழாயை விட்டுவிட்டு, கீழ் லயத்துக் குழாயில் போய்த் தண்ணீர் பிடித்து வந்தார்.